முக்கொம்பு பஸ்ஸில் டீச்சர் கேட்ட கேள்வி

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவுக்கு ஒரு மென்பொருள் வந்திருக்கிறதாம். தலையின் சி.டி. படத்தைக் கொடுத்தால் ரத்தக்கசிவு எங்கே, வீக்கம் எங்கே என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டுமாம். ஒன்றும் இல்லையென்றால் பச்சை எழுத்தில் 'நார்மல்' என்று சொல்லிவிடுமாம். இப்போது அந்தப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர் பர்வீன் போன மாதம் போனில் சொன்னார்.

"எங்களைவிட வேகமா பாக்குது சார். நம்ம டாக்டர்கள் சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்களேன். உங்க காலத்துல எப்படிப் பாத்தீங்கன்னு."

"நாங்களும் வேகமாத்தாம்மா பாத்தோம்."

அவர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "அதையே எழுதுங்க சார்," என்றார். அதைத்தான் எழுதுகிறேன். பெருமைப்படுவதற்கு இதில் இருப்பது என்னுடைய வேலை அல்ல. ஒரு மருத்துவரையும் ஒரு கணக்கு டீச்சரையும் பற்றிய கட்டுரை இது. நான் இடையில் வருகிறேன். வந்த விதம் நல்லதல்ல.

படித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் படித்தேன். இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவும் வாசனை சட்டையிலேயே தங்கியிருந்த காலம். திருச்சிக்கு வந்து சேர்ந்த சில ஆண்டுகளில் எங்கள் மருத்துவமனைக்கு சி.டி. வந்தது. அதுவரை மண்டையோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு உள்ளே இருக்கும் மூளையே தெரிந்தது. அன்றைய என் மனநிலையை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. மூளையைப் பார்க்க முடிந்துவிட்டது, இனி மனிதரைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். வெளிச்சப் பெட்டியில் பிலிமைச் செருகிவிட்டு, பின்னால் நிற்கும் உறவினர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, நான் தீர்ப்பு சொல்வேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காலத்தில்தான் நரம்பியல் மருத்துவர் ரெங்கநாயகி எங்களிடம் வந்தார். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். ஸ்ரீரங்கத்துக்காரர். காலையில் டவுன் பஸ்ஸில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வருவார். மாலையில் அதே மாதிரி திரும்புவார். எங்களிடம் பேசும்போது வீட்டுப் பேச்சு வரும். நோயாளிகளிடம் அந்தந்த ஊர்க்காரர் மாதிரியே பேசுவார்.

அவர் நோயாளியைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில், நாங்கள் அனுப்பிய ஸ்கேன் கவரை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். கடைசிவரை திறக்க மாட்டார். நோயாளியோடு வந்தவரைத் தனியே உட்கார வைத்து, "எப்படி இருக்காரு?" என்று கேட்கவே மாட்டார். "முன்னாடி தானா செஞ்சு, இப்ப நீங்க சொன்னாத்தான் செய்யுறாருன்னு ஒரு வேலை சொல்லுங்க," என்பார். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடிக்கும். பதில் வந்துவிட்டால் பாதி நோய் பிடிபட்டுவிட்டது என்பார்.

அடுத்து அவருடைய துணிப்பையில் இருந்து சின்னச் சின்ன சீசாக்கள் வெளியே வரும். ஒன்றில் காபித் தூள், ஒன்றில் கிராம்பு, ஒன்றில் பச்சைக் கற்பூரம். ஒவ்வொரு மூக்குத் துளையாக மூடச் சொல்லி முகரச் சொல்வார். வாசனை நரம்பு மூளையின் முன்பகுதிக்கு நேர் கீழே, கண்குழியின் கூரைமேல் படுத்திருக்கிறது. கீழ்வீட்டில் ஓசை இல்லையென்றால் மாடியையும் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பிறகுதான் கை, கால், கணக்கு, ஞாபகம் எல்லாம். அதன்பின் என்னைக் கூப்பிட்டு, "டாக்டர், இடது பக்கம், வெளிப்புறம், நெத்திக்குப் பின்னாடின்னு நெனைக்கறேன்," என்று சொல்லிவிட்டுக் கவரைத் திருப்புவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தவறினால் குழந்தை மாதிரி சிரிப்பார்.

"ஏமாத்திடுத்து பாருங்கோ! அதுக்குன்னு ஒரு புத்தி இருக்கு!"

தான் தவறியதற்கு ஒரு மருத்துவர் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதிமீது அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. பாடப்புத்தகத்தில் ப்ரீஃப்ரான்டல் கார்டெக்ஸ் என்று வரும். கை அசைவதற்கும் கண் பார்ப்பதற்கும் மூளையில் தனித்தனி இடங்கள் இருக்கின்றன. அங்கே அடிபட்டால் கை விழும், பார்வை போகும். முன்பகுதியில் அடிபட்டால் எதுவும் விழாது. நடப்பார்கள், பேசுவார்கள், சாப்பிடுவார்கள். எதை முதலில் செய்வது, எதை நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதில்தான் கோளாறு வரும். அதிலும் வெளிப்புறம் ஒரு வேலை, உள்புறம் ஒரு வேலை, கண்களுக்கு மேலே இருக்கும் அடிப்புறம் இன்னொரு வேலை. ஒன்றோடொன்று பின்னிய கம்பிகள் வேறு. சி.டி. படத்தில் கட்டடம் தெரியும், கம்பி தெரியாது. இதையெல்லாம் நான் அவரிடம்தான் உண்மையில் கற்றேன். புத்தகத்தில் படித்திருந்தேன், அது வேறு.

ஒருமுறை முக்கொம்புப் பக்கத்திலிருந்து ஒரு வாழை விவசாயி தலைவலி என்று வந்தார். படத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலதுபக்க முன்மூளையில் ஒரு எலுமிச்சம்பழம் வைக்கும் அளவுக்குப் பள்ளம். உள்ளே வெறும் நீர். சிறுவயதில் மாடு உதைத்ததாம். 'தீர்மானிக்கும் திறன் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கும்' என்று ரிப்போர்ட்டில் எழுதிவிட்டேன். ரெங்கநாயகி மேடம் அதைப் படித்துவிட்டு என்னை அந்த விவசாயியிடமே அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

"ஐயா, இவருதான் உங்க படத்தைப் பாத்தவரு. உங்களால எதையும் முடிவு பண்ண முடியாதுங்கறாரு."

விவசாயி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்படிங்களா? மூணு பங்காளிக்குத் தண்ணி முறை பிரிச்சுக் குடுத்தது நான்தாங்க. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் சண்டை போடலை. மண்டையில ஓட்டை இருக்கறது முன்னாடியே தெரிஞ்சிருந்தா நாலாவது பங்காளியையும் சேத்திருப்பேன்."

அவர் மனைவி பக்கத்திலிருந்து, "ஓட்டை வழியாத்தான் பேச்சு வருது போல. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு," என்றார்.

எல்லோரும் சிரித்தோம். வெளியே வந்ததும் மேடம் சொன்னார்: "சின்ன வயசுல போன இடத்தோட வேலையைப் பக்கத்துல இருக்கறது எடுத்துண்டுடும். படம் மோசமா இருந்தா மனுஷன் மோசமா இருக்கணும்னு இல்லை. இதைத் திருப்பியும் யோசிச்சு வெச்சுக்கோங்கோ."

திருப்பி யோசித்தால், படம் நன்றாக இருந்தால் மனுஷன் நன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எனக்கு அது அன்றே புரிந்துவிட்டது. புரிந்தது என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். ஏனென்றால் அடுத்து நான் செய்ததை அறியாமையில் செய்தேன் என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

கலைச்செல்வி டீச்சர் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. கணவர் தங்கராசு உரக்கடை வைத்திருந்தார். கே.கே. நகரில் வீடு, மாமியாரும் அவர்களோடு இருந்தார். அந்தப் பள்ளியில் ஆண்டுதோறும் டைம்டேபிள் போட்டது கலைச்செல்விதான். எந்த ஆசிரியர் எந்த வகுப்பில் எந்த மணியில், யாருடைய மணி யாருடையதோடு மோதக் கூடாது என்று பெரிய தாளில் கலர் பென்சிலால் போடுவாராம். தலைமையாசிரியையே அவரைக் கேட்டுத்தான் லீவு எடுப்பார் என்று பள்ளியில் கேலி செய்வார்களாம்.

ஒருநாள் கணவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட, மல்லாந்து விழுந்தார். பின்மண்டையில் நல்ல அடி, பெரிய வீக்கம். கொஞ்ச நேரம் நினைவில்லை, பிறகு எழுந்து பேசினார். அன்றே சி.டி. எடுத்தோம். நான்தான் பார்த்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. படத்தாளின் முதல் வரிசையில் மூளையின் அடித்தட்டு வரும். அங்கே எலும்பு அதிகம். எலும்பால் வரும் பொய்க் கீற்றுகள் வெள்ளை வெள்ளையாக ஓடும். அதில் ஒன்றும் சரியாகத் தெரியாது என்று அந்த வரிசையைத் தாண்டித்தான் எங்களில் பலரும் படிக்கத் தொடங்குவோம். நானும் தாண்டினேன். வீக்கம் இருந்த பின்மண்டையைக் கவனமாகப் பார்த்தேன். எலும்பு முறிவில்லை, கசிவில்லை. 'நார்மல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மல்லாந்து விழுகிறவரின் மூளை உள்ளே முன்னோக்கிச் சரிந்து, கண்குழிக் கூரையின் சொரசொரப்பான எலும்பில் உராயும். பின்னால் அடிபட்டால் முன்னால் பார் என்பது மாணவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கராசு அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நடைவழியில் நிறுத்தினார்.

"சார், இதுல ஏதாவது இருக்கான்னு இன்னொரு தடவ பாருங்க சார். வீட்டுல ஒரு மாதிரியா இருக்குது. அடுப்புல பாலை வெச்சுட்டுத் துணி மடிக்கப் போவுது, மடிச்ச துணியோட வாசலுக்குப் போவுது, அங்கேயே நிக்குது. பால் கருகி வீடே நாறினாலும் தெரியலைங்குது. என் தங்கச்சியைப் பொண்ணு பாக்க வந்தாங்க சார். அவங்ககிட்ட போயி, 'இவ காலையில எட்டு மணிக்கு முன்னாடி எந்திரிக்க மாட்டா'ங்குது. அம்மா ஒரே கோவம். நடிக்கிறா, வேலைக்குப் போகச் சலிச்சுக்கிட்டு நடிக்கிறான்னு சொல்றாங்க."

பால் கருகியது தெரியவில்லை. அந்த ஒரு வாக்கியம் போதும். மேடமாக இருந்திருந்தால் அப்போதே காபித் தூள் சீசாவை எடுத்திருப்பார். எனக்கு அன்று வெளியே நிறைய பேர் காத்திருந்தார்கள். கவரிலிருந்து படத்தை உருவக்கூட இல்லை.

"மூளை சுத்தமா இருக்குப்பா. வேலைக்குப் போகப் பிடிக்கலைன்னா சில பேரு இப்படித்தான் இருப்பாங்க. விட்டுப் பிடிங்க."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். என்னிடமிருந்து அவர் வீட்டுக்குக் கொண்டுபோனது அந்த வாக்கியத்தைத்தான். பெரிய டாக்டரே சொல்லிட்டாரு என்று மாமியார் அதைத் தெருவுக்கே சொன்னதாகப் பின்னால் தெரிந்தது.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. டீச்சரால் டைம்டேபிள் போட முடியவில்லை. திங்கட்கிழமை காலையில் எல்லா வகுப்புக்கும் கணக்கையே போட்டு வைத்துவிட்டு, தாள் அழகாக இருக்கிறதா என்று கேட்டாராம். தலைமையாசிரியை வற்புறுத்தியதால் தங்கராசு அவரை ரெங்கநாயகி மேடத்திடம் அழைத்து வந்தார்.

"இங்கயும் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா, அவங்க அம்மா வீட்டுல கொண்டுபோய் விட்டுடச் சொல்றாங்க எங்கம்மா," என்று மேடத்திடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் வருவதாகக் கடையைத் திறக்கப் போனார்.

மேடம் வழக்கம்போல் சீசாக்களை எடுத்தார். காபி, கிராம்பு, கற்பூரம், எதுவும் டீச்சருக்குத் தெரியவில்லை. "சும்மா தண்ணிங்களா?" என்று கேட்டார். அதன்பின் மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ரிப்போர்ட்டில் இருந்தது என் கையெழுத்து என்பது அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல், "நீங்களே சோதிச்சுப் பாருங்கோ டாக்டர்," என்று நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

நான் எல்லாக் கேள்வியும் கேட்டேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். டீச்சர் என்னைவிட வேகமாகக் கழித்தார்; நடுவே நான் சரிபார்த்ததில் ஒரு தப்பையும் திருத்தினார். சொன்ன வார்த்தைகளைத் திருப்பிச் சொன்னார். படம் வரைந்தார். பொருள் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி.

"எல்லாம் நார்மல் மேடம்."

மேடம் என்னை வெளியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னதை இன்னும் மறக்கவில்லை.

"கேள்வி யார் கேட்டா? நீங்க. ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது எதுன்னு யார் தீர்மானிச்சா? நீங்க. எப்ப நிறுத்தணும்னு யார் சொன்னா? அதுவும் நீங்கதான். அவளோட முன்மூளை செய்ய வேண்டிய வேலையெல்லாம் அந்த அரை மணி நேரம் நீங்க செஞ்சு குடுத்தேள். அப்புறம் நார்மல்னா? அது உங்க முன்மூளை நார்மல். கெளம்புங்கோ, சத்திரத்துக்குப் போலாம்."

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு மூவரும் ஆட்டோவில் போனோம். மேடத்துக்கு இது புதிதல்ல என்று பிறகு தெரிந்தது. மூளையின் முன்பகுதியைச் சோதிக்க அவருக்கு அதைவிட நல்ல ஆய்வுக்கூடம் கிடைக்கவில்லை. பழ வண்டி, பூக்கடை, பிளாஸ்டிக் குடம், கூவுகிற கண்டக்டர்கள், நாலு பக்கமும் நகரும் பஸ்கள். ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்று டீச்சரிடம் நிதானமாகச் சொன்னார்.

"மூணு வேலைம்மா. ஒரு கருப்பு நூல்கண்டு வாங்கணும். ஒரு முழம் பூ வாங்கணும். முக்கொம்பு பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டுட்டு வரணும். கேட்டாப் போதும், ஏறக் கூடாது. எதை முதல்ல செய்யணும்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க. நாங்க இங்கேயே இருக்கோம்."

டீச்சர் மூன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். நேரே பூக்கடை. பூ வாங்கினார். பக்கத்தில் தொங்கிய பிளாஸ்டிக் கூடையைத் தொட்டார். கடைக்காரர் "எடுங்கக்கா, எடுங்கக்கா" என்றதும் எடுத்தார். அடுத்த கடையில் அதைக் கீழே வைத்துவிட்டு ஒரு சீப்பை எடுத்தார். கூடைக்காரர் கத்திக்கொண்டு வந்து கூடையை வாங்கிப் போனார். நான் ஓரடி முன்னால் வைத்தேன். மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் எங்கள் எதிரே ஊர்ந்து வந்தது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "முக்கொம்பு, முக்கொம்பு, ஏறு ஏறு ஏறு" என்று கூவினார். டீச்சர் ஏறிவிட்டார்.

நான் ஓடினேன். நகர்ந்துகொண்டிருந்த பஸ்ஸில் தொற்றி ஏறினேன்.

"சார், இந்த வயசுல ஓடிவந்து ஏறாட்டித்தான் என்ன? முக்கொம்பு எங்கயும் போயிடாது," என்றார் கண்டக்டர்.

டீச்சர் ஜன்னலோரம் பூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது.

"டாக்டரம்மா என்னம்மா சொன்னாங்க?"

"கருப்பு நூல்கண்டு, ஒரு முழம் பூ, முக்கொம்பு பஸ் எத்தனை மணிக்குன்னு கேக்கணும். ஏறக் கூடாது." ஒரு சொல் தவறவில்லை.

"அப்புறம் ஏன் ஏறினீங்க?"

அவர் பஸ்ஸைச் சுற்றிலும் பார்த்தார். தான் எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் கண்டதுபோல இருந்தது. "ஏறுன்னாங்க சார்," என்றார். கண் கலங்கிவிட்டது. "எனக்கு எல்லாம் தெரியுது. தெரிஞ்சது கைக்கு வர மாட்டேங்குது. வீட்டுலயும் இப்படித்தான். நடிக்கிறேங்கறாங்க. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்காங்களாம்." என் சட்டைப் பக்கம் பார்த்தபடி கேட்டார். "அந்தப் படத்தைப் பாத்தது யாரு சார்?"

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கண்டக்டரிடம், "அடுத்த ஸ்டாப்புல எறக்கி விடுங்க," என்றேன். இறங்கினோம். அவ்வளவுதான் நடந்தது.

மருத்துவமனைக்குத் திரும்பியதும் பழைய படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினேன். முதல் வரிசையை மட்டும் பார்த்தேன். கண்குழிக் கூரைக்கு மேலே, இரண்டு பக்கமும், எலும்பின் வெண்மை ஒரு இடத்தில் கொஞ்சம் தடித்த மாதிரி இருந்தது. அது எலும்பு அல்ல. அன்று கசிந்த ரத்தம். யாராவது காட்டினால் மாணவனுக்குக்கூடத் தெரியும். எம்.ஆர்.ஐ. அப்போது எங்களுக்குப் புதிதாக வந்திருந்தது. மேடம் அதையும் எடுக்கச் சொன்னார். அதே இடங்களில் பழைய ரத்தத்தின் கறை கருப்பாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்தது. வெளிப்புறத்துக்குப் போகும் கம்பிகளிலும் ஆங்காங்கே புள்ளிகள். மேடம் கவரைத் திருப்புவதற்கு முன்பே, "அடிப்புறம், ரெண்டு பக்கமும், கொஞ்சம் கம்பிகளும்" என்று சொல்லியிருந்தார்.

மறுநாள் தங்கராசு வந்தார். மேடம் படத்தைக் காட்டச் சொல்லி என்னை உட்கார வைத்தார். அதற்கு முன்பே, "நீங்க வாயால சொன்னதை நீங்கதான் வாயால எடுக்கணும்," என்று சொல்லியிருந்தார். நான் கறைகளைக் காட்டினேன். நடிப்பு இல்லை, உண்மையான காயம் என்று விளக்கினேன். தங்கராசு நீண்ட நேரம் அந்தக் கருப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அன்னைக்கு மூளை சுத்தமா இருக்குன்னீங்களே சார்?"

"அது பழைய மிஷின். அதுல அவ்வளவுதாங்க தெரியும்," என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார். அவர் முன்னால் நான் சொன்ன ஒரே பொய் அது. அவர் அங்கே என்னை மறுக்கவில்லை. ஒருவேளை நானே திருத்துவேன் என்று காத்திருந்திருக்கலாம். தங்கராசு போன பிறகு நடைவழியில், "மிஷினுக்கு வாய் இல்லையோன்னோ, அது ஒண்ணும் சொல்லாது," என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. என்னை நோயாளிகள் முன் உட்கார வைப்பதையும் அவர் நிறுத்தவில்லை. அந்தப் பெருந்தன்மைதான் என்னை அதிகம் வருத்தியது.

டீச்சரை அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. அதற்கு மேடம் ஒருவரே காரணம். அவர் பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியையிடம் பேசினார். டைம்டேபிள் வேண்டாம், பாடம் மட்டும் நடத்தட்டும் என்றார். வகுப்பில் மணி அடிக்கும், பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கம் இருக்கும், பிள்ளைகள் "மிஸ், அடுத்த கணக்கு" என்பார்கள். உள்ளே இல்லாத ஒழுங்கு வெளியிலிருந்து கிடைத்தால் அவரால் முடியும். அப்படியே முடிந்தது. ஓய்வுபெறும்வரை பாடம் நடத்தினார். வீட்டில் மணி கிடையாது என்பதால் தங்கராசு அந்த வேலையை எடுத்துக்கொண்டார். கடையிலிருந்து போன் செய்து, "பாலை எறக்கியாச்சா? அடுத்து என்ன?" என்று கேட்பாராம். உர மூட்டைகளுக்கு நடுவே நின்று, பல ஆண்டுகள், ஒரு நாள் விடாமல் செய்தார். மருத்துவம் செய்தது யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன்.

மேடம் ஓய்வுபெற்று, ஸ்ரீரங்கத்தில் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பர்வீனின் போனுக்குப் பிறகு நான் இரண்டு மூன்று முறை கட்டுரையைத் தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் பேனா, 'பழைய மிஷின்' என்ற அந்தப் பொய்யில் போய் நின்றது. கடைசியில் பேனாவை வைத்துவிட்டுக் கே.கே. நகருக்குப் பஸ் ஏறினேன்.

தங்கராசுதான் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. டீச்சர் உள்ளே இருந்து வந்தார். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"அன்னைக்குப் பழைய மிஷின்ல தெரியாதுன்னு சொன்னேன். பொய். படத்துல இருந்துச்சு. நான் பாக்கலை. ரெண்டாவது தடவ நீங்க வந்து கேட்டப்பவும் எடுத்துப் பாக்கலை."

தங்கராசு நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். டீச்சர்தான் பேசினார்.

"தெரியும் சார்."

"எப்படிம்மா?"

"ரிப்போர்ட்ல உங்க பேரு இருந்துச்சு. பஸ்ல உங்க சட்டையில அதே பேரு குத்தியிருந்துச்சு. பாத்துட்டுத்தான் கேட்டேன்."

"அப்பவே நீங்கதான்னு சொல்லியிருக்கலாமேம்மா?"

"கணக்கு டீச்சர் சார் நான். கேள்விதான் கேப்பேன். விடையை நானே சொல்ல மாட்டேன்."

அவருக்குப் பழுதாகிவிட்டது என்று நாங்கள் படத்தில் வட்டம் போட்ட இடம், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாமல் நிறுத்தி வைக்கிற இடம். அந்த ஒரு சொல்லை அவர் அன்று நிறுத்தி வைத்திருந்தார், எனக்காக. எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியாது. மேடம் இருந்திருந்தால் கைதட்டிச் சிரித்திருப்பார். என் தலையைப் படம் எடுத்தால் ஒரு கறையும் இருக்காது. எனக்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

"ஆனா ஒண்ணு சார்," என்றார் டீச்சர். குரலில் கோபம் இல்லை. "அத்தை இருக்கும்போது வந்திருக்கலாம். மொத மிஷின் இல்லைன்னுச்சு, ரெண்டாவது மிஷின் இருக்குன்னுச்சு, எதைடி நம்பறதுன்னு கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நல்லவங்கதான் சார். ஆனா சந்தேகம் போகலை அவங்களுக்கு."

 மன்னித்துவிட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தங்கராசு மெதுவாக, "கலை, சாருக்குக் காபி. பால் வெச்சியே," என்றார். டீச்சர் சமையலறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து குரல் வந்தது.

"இவருக்கு ஜலதோஷம் சார். நீங்க கொஞ்சம் வந்து பாருங்களேன், பால் கருகுதா? எனக்கு வாசனை தெரியாது."

எழுந்து போனேன். வாசலில் நின்றே முகர்ந்து பார்த்தேன். கருகிய வாசனை இல்லை. இருந்தாலும் அடுப்பருகே போய், பாலை வேறொரு பாத்திரத்தில் ஊற்றச் சொல்லி, காலிப் பாத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, அதன் அடித்தட்டைப் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன்.

"கருகலைம்மா," என்றேன்.